காஸ்மோட்டீர்: கப்பலை வரையத் தொடங்க வேண்டிய இடம் பீரங்கியா, நடைவழியா?

நெடுவழி எழுதியது:

காஸ்மோட்டீர் என்ற விண்கப்பல் கணினி விளையாட்டில் கப்பல் கட்டுவோர் பெரும்பாலும் முதலில் ஆயுதங்களை வைக்கின்றனர். அவற்றைச் சுற்றிக் கவசம் போடுகின்றனர். பின்புறத்தில் உந்துபொறிகளை வரிசையாக அடுக்குகின்றனர். எஞ்சிய இண்டு இடுக்குகளில் மின்சாரம் உண்டாக்கும் உலையையும் மாலுமிகளின் தங்கறைகளையும் திணித்து, கடைசியில் அவற்றுக்கிடையே ஒரு நடைவழியை எப்படியோ வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு பீரங்கி எத்தனை முறை சுடும் என்பதை அதற்குக் குண்டு சுமந்து செல்லும் மாலுமியின் கால்களே தீர்மானிக்கின்றன. ஆகையால் கால்கள் போகும் வழியை முதலில் வரைந்துவிட்டு, அதற்கேற்ப ஆயுதத்தை வைப்பதுதான் முறை.

இதுவரை விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். வால்ட் டெஸ்ட்லர் உருவாக்கிய இவ்விளையாட்டு, பல ஆண்டுகள் இலவச முன்வடிவமாகப் புழங்கிய பிறகு, 2022 அக்டோபரில் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஏர்லி ஆக்சஸ் நிலையில், அதாவது முழுமையடையும் முன்பே, விற்பனைக்கு வந்தது. கட்டம் போட்ட தளத்தில் அறைகளையும் கருவிகளையும் ஒன்றோடொன்று பொருத்திக் கப்பலை நாமே வடிவமைக்கிறோம். உலையில் உருவாகும் மின்சாரம் கம்பி வழியே பாய்ந்து எல்லா இடங்களுக்கும் போய்விடுவதில்லை. மாலுமி ஒருவர் உலைக்குச் சென்று, மின்கலத்தைக் கையில் எடுத்து, நடந்து போய், லேசரிலோ கேடயத்திலோ உந்துபொறியிலோ சேர்த்தால்தான் அது இயங்கும். பீரங்கிக் குண்டுக்கும் இதே விதிதான்.

முனையில் வரிசையாக லேசர்கள், வாலில் ஒரே பெரிய உலை, நடுவில் தங்கறைகள், இவை அனைத்தையும் இணைக்கும் ஒற்றை நடைவழி என்று ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். போர் தொடங்கும்போது எல்லா லேசர்களிலும் மின்னிருப்பு நிறைந்திருப்பதால் தொடக்கத்தில் அது சக்கைப்போடு போடும். அதன் பிறகு திரையைப் பெரிதாக்கி நடைவழியைப் பாருங்கள். மின்கலத்தோடு முனைக்கு ஓடும் மாலுமி அங்கே சேர்வதற்குள் அந்த லேசர் வெறுமையாகிக் காத்திருக்கிறது. அவர் ஒரு கலத்தைக் கொடுத்துவிட்டு, கப்பலின் முழு நீளத்தையும் வெறுங்கையோடு நடந்து திரும்புகிறார். அவர் நடக்கும் தொலைவில் சரிபாதி வெறுங்கை நடை. அந்தக் கப்பலில் லேசர்களை இரட்டிப்பாக்கினாலும் சுடும் வேகம் கூடாது. காத்திருக்கும் லேசர்களின் எண்ணிக்கைதான் கூடும்.

நான் செய்வது இதுதான். வெற்றுத் தளத்தில் முதலில் ஓர் உலை. அதன் கதவுக்கு நேரே குறுகிய நடைவழி. அந்த நடைவழியின் இரு மருங்கிலும் மின்சாரத்தை மிகுதியாகக் குடிக்கும் கருவிகள். தங்கறை அதே வழியில் திறக்க வேண்டும். இந்தச் சிறு கூட்டம் தானாக இயங்குவதை, விருப்பம்போல் கட்டிச் சோதிக்க உதவும் படைப்பு முறையில் ஓர் இலக்கை நிறுத்திச் சுட்டுப் பார்த்த பிறகே கவசத்தைத் தொடுகிறேன். சோதிக்கும்போது கப்பல் முழுவதையும் பார்க்காமல், ஒரே ஒரு மாலுமியைத் தேர்ந்தெடுத்து, அவர் எங்கெல்லாம் போகிறார், எங்கே நிற்கிறார் என்பதைக் கண்ணால் தொடர்வது மிகுந்த பயன் தரும். மற்றவர்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கவசமணி எழுதியது:

நெடுவழி அவர்களின் கணக்கு சரியானதுதான். ஆனால் அந்தக் கணக்கில் எதிரி இல்லை. எதிரியின் குண்டு கப்பலுக்குள் புகுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உலை அழிந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பு சுற்றியுள்ள எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். உலை பெரிதாக இருந்தால் அழிவும் பெரிது. நடை குறைய வேண்டும் என்பதற்காக உலை, லேசர், தங்கறை மூன்றையும் ஒரே கூட்டமாக நெருக்கி வைத்தால், ஒரு துளையில் நுழைந்த அடி மூன்றையும் ஒன்றாகப் பறித்துவிடும். அதுவும் லேசர் இருக்கும் இடம் முனை. அடி முதலில் விழும் இடமும் முனையே. உலையை அங்கே கொண்டுபோய் வைப்பது எதிரியின் வேலையை நாமே பாதி முடித்துக் கொடுப்பதாகும்.

ஆகவே உலையைக் கப்பலின் ஆழத்தில், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தொலைவில் இருக்கும்படி வைக்கிறேன். நடை நீளும் என்பது தெரிந்தே செய்வது. கூடுதல் நடைக்குக் கூடுதல் மாலுமிகளை வைத்து ஈடுகட்டலாம்; வெடித்துப் போன முனைக்கு எதை வைத்து ஈடுகட்டுவது? மேலும், படைப்பு முறையில் அசையாமல் நிற்கும் இலக்கைச் சுட்டுப் பார்ப்பது சுடும் வேகத்தை மட்டும் காட்டும். கவசத்தில் ஓட்டை விழுந்த பிறகு கப்பல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதை அறிய, நம்மைத் திருப்பிச் சுடும் எதிரி தேவை. என் கப்பல்களை அவ்வாறுதான் சோதிக்கிறேன்: முனையில் ஒரு பகுதியை நானே அகற்றிவிட்டு, அந்த ஊனத்தோடு போருக்கு அனுப்பி, எஞ்சியது இயங்குகிறதா என்று பார்க்கிறேன்.

நெடுவழி எழுதியது:

ஊனப்படுத்திச் சோதிக்கும் முறை நல்ல முறை. இனி நானும் அவ்வாறே செய்வேன். எனினும், கூடுதல் மாலுமிகளைக் கொண்டு ஈடுகட்டலாம் என்பதை அப்படியே ஏற்க இயலவில்லை. படிப்படியாக முன்னேறி ஆடும் தொழில் முறையில் (கேரியர் மோட்) எத்தனை பேரைப் பணிக்குச் சேர்க்கலாம் என்பது நம் புகழைப் பொறுத்தே உயர்கிறது. தொடக்க நிலையில் அந்த எண்ணிக்கை மிகக் குறைவு. நடையில் வீணாகும் ஒவ்வொரு மாலுமியும் கட்டுப்பாட்டு அறையிலோ பீரங்கியிலோ இருந்திருக்க வேண்டியவர். தவிர, கூடுதல் மாலுமிகளுக்குக் கூடுதல் தங்கறைகள் வேண்டும், தங்கறைகள் இடத்தை அடைத்துக்கொள்ளும், கப்பல் நீளும், நீண்ட கப்பலில் நடை இன்னும் கூடும்.

உலைக்கும் முனைக்கும் இடையே மின் சேமிப்பு அறைகளை வைப்பது நம் இருவருக்கும் பொதுவான வழியாகலாம் என்று தோன்றுகிறது. உலை ஆழத்திலேயே இருக்கட்டும். போர் இல்லாத நேரத்தில் மாலுமிகள் மின்கலங்களைச் சுமந்து வந்து முனையருகே உள்ள சேமிப்பு அறையை நிரப்பி வைக்கின்றனர். போர் தொடங்கியதும் லேசர்களுக்கு அருகிலிருந்தே மின்சாரம் கிடைக்கிறது. நீண்ட நடை ஓய்வு நேரத்துக்கு மாறிவிடுகிறது. போர் நீடித்தால் சேமிப்பு தீர்ந்துபோகும் என்பது உண்மை. ஆனால் நடுத்தரக் கப்பல்களுக்கிடையே நடக்கும் பல மோதல்கள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. இன்னொரு வழி, ஒரு பெரிய உலைக்குப் பதிலாகச் சிறிய உலைகளைத் தள்ளித் தள்ளி வைப்பது. ஒன்று வெடித்தாலும் மற்றவை இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி நடையும் குறையும்.

புதுமாலுமி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த விளையாட்டுக்கு நான் புதியவன். இங்கே பேசப்படுவதோடு தொடர்புடைய ஒரு சிக்கல் என் கப்பலில் இருக்கிறது. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

என் கப்பல் ஏறத்தாழச் சதுர வடிவம். முன்பக்கம் இரண்டு கேடயங்கள், அவற்றுக்கிடையே லேசர்கள். நடுவில் உலை. பின்பக்கம் உந்துபொறிகள். உலைக்கு இரு பக்கமும் தங்கறைகள். நடை நீளமாக இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் எதிரியை விரட்டிக்கொண்டே சுடும்போது கேடயங்கள் இரண்டும் சட்டென்று அணைந்துவிடுகின்றன. அசையாமல் நின்று சுட்டால் அவை தாக்குப்பிடிக்கின்றன. எனக்குப் புரியாதது என்னவென்றால், கேடயம் அணையும் நேரத்தில் உலையில் மின்கலங்கள் இருக்கின்றன, மாலுமிகளும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றனர். மாலுமிகளை இன்னும் கூட்ட வேண்டுமா, அல்லது இன்னோர் உலை வைக்க வேண்டுமா?

உலைக்கூடம் எழுதியது:

புதுமாலுமி, இரண்டும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். விடைக்கு வேண்டிய குறிப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள்: நின்று சுட்டால் தாக்குப்பிடிக்கிறது, விரட்டிச் சுட்டால் அணைகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உந்துபொறிகள் மட்டுமே.

உந்துபொறிகளும் மின்சாரத்தைத் தின்பவை. நீங்கள் எதிரியைத் துரத்தத் தொடங்கியவுடன் பின்பக்கத்திலிருந்து மின்கலம் கேட்டு அழைப்புகள் வரிசையாக எழுகின்றன. அந்நேரம் கையில் வேலை இல்லாத மாலுமிகள் அவற்றை ஏற்றுக்கொண்டு வாலுக்கு ஓடுகின்றனர். அதே நேரத்தில் கேடயத்தின் மீது அடி விழுகிறது; ஒவ்வோர் அடியும் அதன் மின்னிருப்பைக் குறைக்கிறது. கேடயம் மின்கலம் கேட்கும்போது பாதிப் பேர் கப்பலின் மறுகோடியில் இருக்கின்றனர். அவர்கள் உலைக்குத் திரும்பி, கலத்தை எடுத்து, முன்னால் வருவதற்குள் கேடயம் விழுந்துவிடுகிறது. நீங்கள் பார்த்த ஓட்டம் உண்மையான ஓட்டமே. ஆனால் எல்லோரும் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றனர்.

இதற்கு மாலுமிகளைப் பணிவாரியாகப் பிரிக்க வேண்டும். விளையாட்டில் பணிப் பிரிவுகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, எந்தப் பிரிவு எந்த வேலையை எந்த முன்னுரிமையில் செய்ய வேண்டும் என்று குறிக்கலாம். கேடயத்துக்கென்று ஒரு பிரிவை வையுங்கள். அவர்கள் உந்துபொறிப் பக்கமே போகக் கூடாது. உந்துபொறிக்கு இன்னொரு பிரிவு. லேசருக்கு மூன்றாவது. நிறம் கொடுப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு: போரின் நடுவே இடைநிறுத்தத்தை அழுத்தி நடைவழியைப் பார்த்தால், முன்பக்கத்தில் நீல நிறத்தவரும் பின்பக்கத்தில் பச்சை நிறத்தவரும் தனித்தனியே தெரிவர். நீலம் பின்னால் தெரிந்தால் முன்னுரிமைப் பட்டியலில் ஏதோ ஒரு வேலை தவறிச் சேர்ந்திருக்கிறது என்று உடனே பிடித்துவிடலாம்.

அடுத்ததாகக் கதவுகளைப் பாருங்கள். உலையைச் சுற்றி எத்தனை கதவுகள் இருக்கின்றன? சதுரக் கப்பல்களில் அடிக்கடி காணப்படுவது, உலைக்குப் பின்பக்கம் மட்டுமே கதவு வைத்துவிட்டு, முன்பக்கம் செல்ல வேண்டியவர் உலையைச் சுற்றிக்கொண்டு போவது. தூரத்தை நேர்கோட்டில் அளந்தால் குறைவாகத்தான் தெரியும். மாலுமி நேர்கோட்டில் நடப்பதில்லை, கதவிலிருந்து கதவுக்கு நடக்கிறார். முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு என்று வைத்தாலே இரண்டு பிரிவுகளின் பாதையும் தனித்தனியாகிவிடும்.

தங்கறைகளையும் இதே முறையில் ஒதுக்குங்கள். கேடயப் பிரிவினரின் தங்கறை முன்பக்கம் இருக்கட்டும். வேலை இல்லாதபோது அவர்கள் திரும்பும் இடம் அதுதான். போர் திடீரென்று தொடங்கினால் அங்கிருந்துதான் புறப்படுவர்.

விண்ணோடி எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது எஃப்டிஎல் என்ற இன்னொரு விண்கப்பல் விளையாட்டை ஒப்பிட்டுச் சொல்லத் தோன்றியது. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் இருவரும் உருவாக்கி 2012இல் வெளியிட்டது அது. பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 10,000 டாலர் கேட்டு 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய விளையாட்டு. அங்கே கப்பலின் வரைபடத்தில் நாம் கைவைக்க முடியாது. அறைகளும் கதவுகளும் எங்கே இருக்கின்றன என்பது முன்னரே முடிவாகிவிட்டது. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: யார் எங்கே நிற்பது. மொத்தம் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்பது உயிர் போகும் கேள்வியாகிவிடுகிறது.

காஸ்மோட்டீரில் மாலுமி என்பவர் ஓர் எண்ணிக்கை. எஃப்டிஎல்லில் அவர் ஓர் ஆள். மாலுமிகள் பல கற்பனை இனத்தவர். 'எஞ்சி' (Engi) என்ற இனத்தவர் பழுதுபார்ப்பதில் இருமடங்கு வேகம், சண்டையில் வலுக்குறைவு. மேன்டிஸ் இனத்தவர் சண்டையில் வல்லவர், பழுது நீக்குவதில் மந்தம். ராக் இனத்தவரைத் தீ சுடாது. சோல்டன் இனத்தவர் தாம் நிற்கும் அறைக்கே ஓர் அலகு மின்சாரம் தருவர். கேடய அறையில் நெடுங்காலம் பணியாற்றியவர் அந்தப் பணியில் தேர்ச்சி பெறுகிறார்; அவர் இறந்தால் அந்தத் தேர்ச்சியும் அவரோடு போகிறது. அதனால்தான் அவருக்கு நாம் சூட்டிய பெயர் நினைவில் நிற்கிறது.

ஆயுத அறையில் தீப்பிடிக்கும் தருணத்தை நினைத்துப் பாருங்கள். வெளிக்கதவு தொடங்கி அந்த அறை வரை எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் காற்று வெளியேறித் தீ அணைந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பவர் அதற்குள் வெளியேற வேண்டும். வெளியேறினால் ஆயுதத்தைச் சரிசெய்ய ஆளில்லை. எதிரியின் கேடயம் இப்போதுதான் இறங்கியிருக்கிறது. இடைநிறுத்தத்தை அழுத்திவிட்டு அந்தச் சின்னஞ்சிறு அறையை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்த நேரங்கள் எனக்கு உண்டு. கப்பலின் வடிவமைப்பு எவ்வளவு முக்கியமோ, அந்த வடிவமைப்புக்குள் ஒருவரை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். உலைக்கூடம் அவர்கள் சொன்ன பணிப் பிரிப்பு எனக்குப் பிடித்தது இதனால்தான். நூறு பேர் கொண்ட கப்பலிலும் அது ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தைக் கொடுக்கிறது.

கவசமணி எழுதியது:

வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான இந்த இழுபறி விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது அன்று என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் 1916 மே 31 அன்று மோதிய ஜட்லாண்ட் கடற்போரில் இன்டிஃபேட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் என்ற மூன்று பிரிட்டானியப் போர்க்கப்பல்கள் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூழ்கின. மூன்றிலும் சேர்த்து 3,000 பேருக்கு மேல் இறந்தனர். பீரங்கிகள் வேகமாகச் சுட வேண்டும் என்பதற்காக, தீ கிடங்குக்குப் பரவாமல் தடுக்க வேண்டிய கதவுகளைத் திறந்தே வைத்திருந்ததும், வெடிமருந்துப் பொதிகளைக் கிடங்குக்கு வெளியே, பீரங்கிக்குப் போகும் வழியில் அடுக்கி வைத்திருந்ததும் அந்த அழிவுக்கு முக்கியக் காரணங்களாக வரலாற்றாசிரியர்கள் பலரால் சுட்டப்படுகின்றன. நடை குறைய வேண்டும், பீரங்கி காத்திருக்கக் கூடாது என்ற எண்ணம்தான் அங்கேயும் வேலை செய்தது.

அதே போரில் லயன் என்ற பிரிட்டானியக் கப்பலின் நடுப் பீரங்கிக் கூண்டில் அடி விழுந்தது. படுகாயமடைந்திருந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி, கிடங்கில் கடல்நீரை நிரப்பும்படி உத்தரவிட்டார். அதனால் லயன் தப்பியது; அவருக்கு இறந்த பின் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. ஜெர்மானியரோ ஓராண்டுக்கு முன்பே, 1915 ஜனவரியில் நடந்த டாகர் பேங்க் போரில், சைட்லிட்ஸ் கப்பலின் இரண்டு பின் கூண்டுகள் எரிந்துபோனதைப் பார்த்துவிட்டுத் தம் நடைமுறையைக் கடுமையாக்கியிருந்தனர்.

நெடுவழி சொன்ன மின் சேமிப்பு அறை எனக்கும் ஏற்புடையதே. ஆனால் எதை முனைக்குக் கொண்டுவருகிறோம் என்பதில் கவனம் வேண்டும். உலையை முனைக்குக் கொண்டுவருவதற்கு எதிராக நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஜட்லாண்ட்தான்.

புதுமாலுமி எழுதியது:

உலைக்கூடம் அவர்கள் சொன்னபடி மூன்று பிரிவுகளை அமைத்தேன். உலைக்கு முன்பக்கம் கதவே இல்லை. மாலுமிகள் தங்கறை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். முன்பக்கம் ஒரு கதவு வைத்தவுடனேயே வேறுபாடு தெரிந்தது. இப்போது விரட்டிச் சுடும்போதும் கேடயம் நிற்கிறது.

புதிதாக ஒன்று எழுந்திருக்கிறது. இடப்பக்கத் தங்கறை ஒன்று அடிபட்டால் அதிலிருந்த கேடயப் பிரிவினர் பெரும்பாலும் இறந்துவிடுகின்றனர். அதன் பிறகு உந்துபொறிப் பிரிவினர் வேலையின்றி நின்றாலும் கேடயத்துக்கு வருவதில்லை, ஏனெனில் நான்தான் அவர்களைத் தடுத்து வைத்திருக்கிறேன். பிரிக்காமல் இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. இதற்கு என்ன செய்வது?

உலைக்கூடம் எழுதியது:

இது பிரிவினையின் விலை. அதை முழுவதும் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். முற்றாகத் தடுப்பதற்குப் பதிலாக, உந்துபொறிப் பிரிவினருக்குக் கேடய வேலையை மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் கொடுத்துப் பாருங்கள். உந்துபொறி கேட்டுக்கொண்டிருக்கும் வரை அவர்கள் அங்கேயே இருப்பர். அது நிறைந்த பிறகே முன்னால் வருவர். முன்பு இருந்த குழப்பத்துக்குக் காரணம் எல்லா வேலைகளும் எல்லோருக்கும் சம முன்னுரிமையில் இருந்தது. வேலைகளைப் பகிர்ந்துகொண்டது அன்று.

அத்துடன் நான்காவதாகச் சிறிய பொதுப் பிரிவு ஒன்றையும் வையுங்கள். அவர்களுக்குத் தனி வேலை எதுவும் வேண்டாம். உலைக்கு அருகிலேயே, கப்பலின் நடுவில் அவர்களின் தங்கறை இருக்கட்டும். எந்தப் பிரிவு குறைகிறதோ அங்கே அவர்கள் போவர். எத்தனை பேர் என்று கேட்டால் பொதுவான எண் சொல்ல முடியாது. கப்பலின் ஒரு தங்கறை அழிந்தால் எத்தனை பேரை இழப்பீர்களோ அத்தனை பேர் என்று வைத்துக்கொண்டு, பிறகு கூட்டியோ குறைத்தோ பாருங்கள். கேடயப் பிரிவினர் எல்லோரையும் ஒரே தங்கறையில் வைக்காமல் இடமும் வலமுமாகப் பிரித்து வைப்பதும் உதவும். இந்த இடத்தில் கவசமணி சொல்வதே சரி.

முடிந்தால் கப்பலின் கோப்பை இங்கே இணையுங்கள். இந்த விளையாட்டில் கப்பல் ஒரு பிஎன்ஜி படமாகவே சேமிக்கப்படுகிறது. அந்தப் படத்துக்குள்ளேயே கப்பலின் முழு விவரமும் அடங்கியிருக்கும். படத்தை மாற்றாமல் மூலக் கோப்பாக அனுப்ப வேண்டும். படங்களைச் சுருக்கி அனுப்பும் செயலிகள் வழியே அனுப்பினால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். விளையாட்டு அதைக் கப்பலாகத் திறக்காது. திரைப்பிடிப்பும் பயன்படாது.

புதுமாலுமி எழுதியது:

மூலக் கோப்பை இணைத்துவிட்டேன். பொதுப் பிரிவும் சேர்த்தாயிற்று. மிக்க நன்றி.

நெடுவழி எழுதியது:

கோப்பைத் திறந்து, உங்கள் மாலுமிகளுள் கேடயப் பிரிவைச் சேர்ந்த ஒருவரைத் தொடர்ந்து பார்த்தேன். உலையிலிருந்து முன்கதவு வழியாக வரும் வரை பாதை நேராக இருக்கிறது. அதன் பின் வலக் கேடயத்துக்குப் போகிறவர் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறார். இடக் கேடயத்துக்கு நேர் வழி இருக்கிறது. அதனால்தான் வலக் கேடயம் எப்போதும் சற்று முன்னதாக அணைகிறது. கட்டுப்பாட்டு அறையை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தினால் வலப்பக்கமும் நேர் நடைவழி கிடைக்கும். ஒரு கவசத் துண்டை மட்டும் எடுக்க வேண்டியிருக்கும். அது உட்புறக் கவசம் என்பதால் எடுப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன். கவசமணி அவர்களும் ஒரு முறை பார்த்துச் சொல்லட்டும்.

கவசமணி எழுதியது:

பார்த்தேன். அந்தத் துண்டை எடுக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டு அறை பின்னால் நகரும்போது உலையை ஒட்டி உட்கார்ந்துவிடும். உலை வெடித்தால் கட்டுப்பாடும் அதோடு போய்விடும், கப்பல் அசைய முடியாது. எடுத்த கவசத் துண்டை வீசிவிடாமல் உலைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே வைத்து, பின்புறம் இன்னொரு சிறிய கட்டுப்பாட்டு அறையையும் சேர்த்துவிடுங்கள். அதற்கும் மின்கலம் கொண்டுபோக வேண்டும் என்பதால், பொதுப் பிரிவினருக்கு அந்த வேலையை முதல் முன்னுரிமையில் கொடுத்துவிடுங்கள்.